என் பேரையும் சொல்லிட்டு வா

எங்கள் டவுன் கத்தோலிக்கக் கோயிலுக்கு முதன்முதலாகப் போன அன்று, செருப்பை வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நடு வரிசையில் போய் நின்ற பிறகுதான் கண்ணில் பட்டது, அத்தனை பேர் காலிலும் சப்பாத்து, செருப்பு. என் கால் மட்டும் வெறுங்கால். வைகாசி மழை பிடித்திருந்த நேரம். சீமெந்துத் தரையின் குளிர் கணுக்கால் வரைக்கும் ஏறியது. முன் வாங்கில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை திரும்பித் திரும்பி என் காலையே பார்த்தது. தாய் அதன் தலையைப் பிடித்துப் பீடத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் பூசை முடியும்வரை கால் இரண்டையும் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டே நின்றேன்.

தோட்டத்தில் செருப்போடு கோயிலுக்குள் ஏறினால் கிழவிகள் விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார்கள். அது மாரியம்மன் கோயிலோ அந்தோனியார் கோயிலோ, செருப்பு படியோடு நின்றுவிடும். நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், லயம் என்கிற வரிசை வீட்டில். வீட்டில் மாரியம்மன்தான் குலதெய்வம் மாதிரி. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் அம்மா ஒரு மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு அந்தோனியாரிடமும் போய்விட்டு வருவார். அதை யாரும் விசேஷமாக நினைத்ததில்லை. நான் கட்டிக்கொண்டது கீழ்க்கணக்கில் இருந்த ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பையனை. உபதேசியார் ஆறு மாதம் மந்திரம் சொல்லிக்கொடுத்து, கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஞானஸ்நானம் தந்தார்கள். தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு சாமி, அதாவது குருவானவர், மாதத்தில் ஒரு தடவை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லுவார், நாங்கள் பாடுவோம். அங்கே நான் புதிதாக வந்தவள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2009-ல் என் வீட்டுக்காரருக்கு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். அந்த வெறுங்கால் ஞாயிறு அப்போது நடந்ததுதான். அன்றைக்குப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அம்மா கிட்டே வந்து அன்பாகத்தான் கேட்டார்.

"புதுசா வந்திருக்கீங்களா? எந்தத் தோட்டம்?"

டவுனில்தான் இருக்கிறோம், கடை வீதிக்குப் பின்னால் என்றேன்.

"அது சரி, சொந்தமா எந்தத் தோட்டம்?"

இந்தக் கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கேட்போம். ஆனால் நாங்கள் கேட்கும்போது அடுத்த வரி "அங்க எனக்கு ஒரு பெரியம்மா இருக்காங்க" என்று வரும். அவர் கேட்டபோது அடுத்த வரி வரவில்லை. "ஆ" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். பங்குப் பதிவில் முகவரி எழுதுகிறவர் நிரந்தர முகவரி கேட்டார். லயத்து வீட்டுக்கு என்று தனி முகவரி ஏது? கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும், சில சமயம் சேராது. தோட்டத்தின் பெயரைத்தான் சொன்னேன். அவர் கட்டத்துக்குள் அதை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்த உணர்வு கோயிலில் தொடங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் 1948-ல் வந்தபோது என் பாட்டி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சின்னப் பெண். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டியின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2003-ல் வந்த சட்டத்தோடுதான் நாடற்றவர்கள் என்ற அந்தப் பட்டியல் முடிவுக்கு வந்தது. இப்படி மூன்று தலைமுறையாக "நீ எந்த ஆள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்த குடும்பம். அதனால் ஒரு அம்மா "ஆ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாலும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலித்திருக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வலித்தாலும் கோயிலை விடவில்லை. வேலை செய்து இடம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு வேறு வழி தெரியாது. அங்கே வேலை செய்தால் பேர் விழும். கேட்ட கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று தராசடியில் கழிப்பார்கள். அந்தக் கழிவைப் பற்றி அம்மா பேசாத ராத்திரி கிடையாது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பேர் விழுந்தால்தான் அன்றைக்கு நீ இருந்தாய் என்று கணக்கு. நானும் கோயிலில் அப்படி ஒரு பேருக்காகத்தான் வேலை செய்தேன் என்பது ரொம்ப நாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

திருவிழாவுக்கு 300 பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அண்டா கழுவினேன். மெழுகுவர்த்தித் தாங்கியில் வழிந்து இறுகிய மெழுகைக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். ஒரு வயதான சிஸ்டர் பீடத்துத் துணி துவைக்கச் சொல்லித் தந்தார். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கொடுப்பினை அதுதான். திருவுடலை வைக்கிற அந்தச் சதுரத் துணியை முதல் தடவை அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு அதில் இருக்கலாம் அல்லவா. நான் அதைக் கோயிலுக்குப் பின்னால் நின்ற ரோஜாச் செடியின் அடியில் ஊற்றுவேன். பிறகு கஞ்சி போட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம் விழும். விரிக்கும்போது உள்பக்கம் மேலே வரும்படி மடிக்க வேண்டும். சிஸ்டர் ஒரே தடவைதான் காட்டினார். அதற்குப் பிறகு தப்பாக மடித்த ஞாபகம் இல்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மடித்து அலுமாரியில் வைக்கும்போது யாராவது பார்த்தார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அந்தத் திரும்பல்தான் என் நோய்.

2017-ல் ஒரு ஞாயிறு முதல் வாசகம் வாசிக்க இருந்தவருக்குக் காய்ச்சல். நான் வாசிக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். எட்டு வருஷம் அண்டா கழுவிய துணிச்சல். பொறுப்பாக இருந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "குறையா நெனைக்காதீங்க. நீங்க வாசிச்சா அந்தத் தோட்டத்து இழுவை வரும். சனம் சிரிச்சிரும்." என் நன்மைக்குச் சொல்கிற மாதிரி என் தோளைத் தட்டினார். நான் "சரிங்க" என்றேன். அன்றைக்கும் பூசை முடிந்து கோப்பைகளைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. நாலு மாதம் போகவில்லை. வீட்டில் அவர் செபமாலை சொல்லும்போது வாய் அசைப்பேன், நெஞ்சு அந்தச் சொற்களோடு சேராது. எட்டு வருஷத்துக் கழிவைத்தான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். 18 நாள். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குச் சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் சோறும் எடுத்துக்கொண்டு போவேன். அடுத்த கட்டிலில் ஒரு கிழவி. மழையில் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். பிள்ளைகள் கொழும்பில் வேலை. தோட்டத்திலிருந்து ஒருதரம் வந்து போக பஸ் காசும் அரைநாளும் செலவாகும், அதனால் அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ மக, இந்தத் தலைய கொஞ்சம் சீவி விடுறியா?"

பார்த்தேன். பன்னிரண்டு நாளாக மல்லாந்தே கிடந்ததில் பின் மண்டையில் முடி முழுக்கச் சிக்கேறி, தேங்காய் நார்ப் பந்து மாதிரி இறுகிப்போயிருந்தது. நர்ஸம்மா வெட்டிவிடலாம் என்று சொன்னாராம். "வெட்டாத மக. போனா முடியோடதான் போகணும்," என்றார் கிழவி. கடைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் வாங்கி வந்தேன். சீப்பை வைத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அதனால் விரலில் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து இரண்டு இரண்டு முடியாகப் பிரித்தேன். ஒரு சிக்கு அவிழ்ந்தால் அடுத்தது மாட்டும். அவர் ஒரு கையால் கட்டில் கம்பியையும் மறு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்து மணி அடித்தபோது கால்வாசிதான் ஆகியிருந்தது. மறுநாள் மீதி. இரண்டாம் நாள் கடைசியில் சீப்பு மேலிருந்து கீழே தடையில்லாமல் இறங்கியபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். பின்னல் போட்டுக் கறுப்பு நூலால் முடிந்துவிட்டேன். நரைத்த முடிதான், ஆனால் இடுப்புக்குக் கீழே நீளம். அந்த இரண்டு நாளும் யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

பின்னல் போடும்போது கேட்டார்.

"நீ எந்தச் சாமி கும்பிடுற?"

"நாங்க வேதக்காரங்க ஆத்தா."

"கோயிலுக்குப் போறியா?"

"இப்பப் போறதில்ல."

ஏன் என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வெறுங்காலில் தொடங்கித் தோட்டத்து இழுவை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம் என்றும் சொல்லவில்லை, அவர்கள் மேல் கோபமும் படவில்லை.

"சரி, நாளைக்குப் போ. போய் என் பேரையும் சொல்லிட்டு வா."

"நீங்க மாரியம்மா கும்பிடுறவங்கதானே?"

"எனக்கு எந்திரிச்சுப் போக முடியல மக. நீ போற எடத்துல சொல்லு."

பேர் என்னவென்று கேட்பதற்கு முன் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். அதில் ஒரு பெயர் இருந்தது. வாசித்துக் காட்டினேன். அது தன் பேர் இல்லை என்றார். பிறப்பு பதிந்த கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார், அதே பிழை அடையாள அட்டைக்கும் வந்து ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படி இன்னொருவர் பேரோடுதான் திரிகிறோம். "அவுங்க எழுதுனது அது. எங்கம்மா கூப்பிட்டது வேற," என்று என் காதுக்குள் சொன்னார்.

மறுநாள் காலை 6.15 பூசைக்குப் போனேன். வேலைநாள் பூசைக்கு அதுவரை போனதே இல்லை. பனி வாசல் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் தனித்தனியாக இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணோரமாக முழங்காலிட்டேன். சாமி நற்கருணை மன்றாட்டில் ஆட்களை நினைக்கிற இடத்தில் ஒரு கணம் நிறுத்தினார். கிழவியை அவருடைய அம்மா கூப்பிட்ட பேரை வாய்க்குள் சொன்னேன். நாலு மாதத்தில் நான் சொன்ன முதல் செபம் அது. எனக்கென்று எதையும் கேட்க மறந்துபோயிருந்தேன்.

பின்னேரம் போனதும் முதல் கேள்வி, "சொன்னியா?"

"சொன்னேன் ஆத்தா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி, நாளைக்கும் சொல்லு."

எதிர்க் கட்டிலில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் தன் பேரைத் தந்தார், கூடவே வெளிநாட்டில் இருக்கிற மகளின் பேரையும். ஆஸ்பத்திரியில் போகலாம் என்று துண்டு தந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று என்னிடம் ஐந்து பேருடைய பெயர் இருந்தது. அம்மா வீட்டில் இருக்கிறார், இனி வார்டுக்குப் போக எனக்குக் காரணம் இல்லை. ஆனால் ஐந்து பேர் பின்னேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு "சொன்னியா" என்று கேட்கக் காத்திருப்பார்கள். அதனால் பின்னேரமும் போனேன். பின்னேரம் போக வேண்டுமென்றால் காலையில் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அன்றாடம் பூசைக்குப் போகிற பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது, பக்தி மிகுந்து வந்ததில்லை.

கோயிலில் பேர் விழ வேண்டும் என்று எட்டு வருஷம் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். இப்போதும் பேர்தான். ஆனால் நான் சுமந்துகொண்டு போகிறது மற்றவர்கள் பேர்.

புனித யோசப் வாஸ் அடிகளைப் பற்றிச் சின்ன வயதில் உபதேசியார் கதை மாதிரி சொல்வார். வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கதை எனக்குள் இறங்கியது. கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல், கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகக் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்தார். எழுந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைப் பார்த்து எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அது தன் ஆள் வீடு என்று கண்டுபிடித்தார். தமிழும் சிங்களமும் படித்தார். 1692-ல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீச உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். பிறகு 1697-ல் கண்டியில் அம்மை பரவியது. நோயாளிகளைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு உறவுகள் ஓடின. ஓடாமல் நின்றவர் உளவாளி என்று முன்பு அடைபட்ட இந்தப் பிற ஊர்க்காரர்தான். அவரும் அவருக்கு மருமகன் முறையான இன்னொரு குருவானவரும் அந்த நோயாளிகளுக்குக் குடிசை போட்டுக் கொடுத்து, கழுவி, சோறூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர்களில் வேதக்காரர் யார், இல்லாதவர் யார் என்று பார்க்கவில்லை.

2015 ஜனவரி 14-ம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் அங்கே இருந்தேன். டவுன் பங்கிலிருந்து ஒழுங்கு செய்த பஸ்ஸில் இடமில்லை என்றார்கள். பழைய தோட்டத்து ஆட்களோடு அவர்கள் பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து போனேன். கடல் காற்றில் அத்தனை லட்சம் தலைகளுக்கு நடுவே நின்றபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது இடம் கிடைக்காத கோபத்து அழுகை. அடிகளைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் பொங்கல். திரும்பி வந்து அம்மா வீட்டில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அந்த பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய நாளை அப்படிக் கழித்துவிட்டேனே என்று இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேலைநாள் பூசையில் யார் வாசிப்பது என்று பட்டியல் கிடையாது. வந்திருக்கிறவர்களில் யாராவது எழுந்து வாசிக்க வேண்டும். ஏழு பேரில் மூன்று பேருக்குக் கண் சரியில்லை. அப்படித்தான் ஒருநாள் நான் எழுந்து போனேன். தோட்டத்து இழுவையோடுதான் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பூசைக்குப் பிறகு, "கொஞ்சம் சத்தமா வாசிங்க தங்கச்சி, எனக்குக் காது மந்தம்," என்றார்.

ஒரு நாள் வாசிக்கக் கிடைத்தது 84-ம் சங்கீதம். கெட்டவர்களின் கூடாரத்தில் குடியிருப்பதை விட என் கடவுளின் வீட்டு வாசலில் நிற்பதே மேல் என்று அதில் வருகிறது. அது கோராகின் மக்கள் பாடியது. வீட்டுக்கு வந்து விவிலியத்தைப் புரட்டிப் பார்த்தேன். கோராகு மோசேக்கு எதிராகக் கிளம்பினவர், அவரைப் பூமி விழுங்கியது. ஆனால் அவர் பிள்ளைகள் சாகவில்லை என்று எண்ணிக்கை நூலில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது. அந்த வழியில் வந்தவர்களுக்குத்தான் பிறகு ஆலயத்து வாசல் காக்கிற வேலை கிடைத்தது. அப்பன் பேர் கெட்ட குடும்பம், வாசலில் நிற்கிற வேலை, அந்த வாசலில் நின்றுகொண்டு பாடிய பாட்டு. அதே பாட்டில் குருவிக்கும் பலிபீடத்தண்டை ஒரு கூடு கிடைத்தது என்று வருகிறது. எங்கள் கோயில் கூரைச் சட்டத்திலும் குருவிக்கூடு உண்டு. கீழே விழுகிற வைக்கோலைக் கூட்டுவது நான்தான். கூட்டைக் கலைக்க வேண்டாம் என்று சாமியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னமும் கஷ்டம்தான். அன்றைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து வழக்கமான வாங்குகளில் உட்காருவார்கள், நான் கடைசித் தூணோரம் போய்விடுவேன். திருவிழாக் கமிட்டியில் என் பேர் இல்லை. என் இழுவையைச் சொன்ன அந்த அம்மா என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடக்கிறது. அவருக்காகவும் செபிக்கிறேன். அவர் பேரைச் சொல்லும்போது மற்றப் பேர்களைப் போல எளிதாக வாயில் வருவதில்லை. வேலைநாள் வேறு மாதிரி. அங்கே எல்லாரும் தனியாகத்தான் இருக்கிறோம், அதனால் நான் தனி என்று தெரிவதில்லை.

தோட்டத்திலிருந்து டவுனுக்குக் கடை வேலைக்கும் படிப்புக்கும் வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து இதே கதையைச் சொல்கிறார்கள். யாரும் பேசுவதில்லை அக்கா, பாடகர் குழுவில் சேர்க்கவில்லை அக்கா என்று. அவர்களிடம், வேலைநாள் காலையில் ஒருதரம் வந்து பார் என்கிறேன். அந்த நேரத்துக் கோயில் வேறு கோயில். பிறகு, யாரும் வந்து பார்க்காத ஒருவரைத் தேடிப் போ என்கிறேன். ஆஸ்பத்திரிதான் என்றில்லை, லயத்துக் கடைசிக் காம்பராவிலும் ஒருவர் இருப்பார். நகம் வெட்டிவிடு, தண்ணீர் காய்ச்சிக் கொடு, கடிதம் வாசித்துக் காட்டு. அங்கே போய் மதம் பேசாதே என்றும் கண்டிப்பாகச் சொல்வேன். எழுந்து போக முடியாமல் கிடக்கிறவரிடம் போய் என் சாமி பெரிது என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. என்னிடம் பேர் தந்தவர்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். புத்தர் படத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்த ஒரு சிங்கள அம்மாவும் தந்தார். கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை சொன்னார், நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

கிழவியைக் கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. கொழும்பிலிருந்து மகன்கள் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். சின்ன நர்ஸம்மா என்னை அடையாளம் கண்டு, "பின்னல அப்படியேதான் விட்டோம்," என்றார். அட்டையில் இருந்த பேரில்தான் மரணச் சான்றிதழ் எழுதியிருப்பார்கள். அம்மா கூப்பிட்ட பேரை நான் இன்றைக்கும் காலையில் சொல்கிறேன், இப்போது இறந்தவர்களை நினைக்கிற இடத்தில்.

பேர்களை எழுதி வைக்க 80 பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தேன். முடிந்துவிட்டது, இது மூன்றாவது. நாளைக்குப் புதன். புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சுடுதண்ணி போதுமாம். இன்னொருவர் சீனி போடாத பிளேன்டீ கேட்டிருக்கிறார். மூன்றாவது கட்டிலில் இருக்கிற பிள்ளை பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறது, நாளைக்குப் பேன்சீப்பையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.